புண்ணுக்கும் ஈரம் வேண்டும்

நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளை நெருப்போடு பழகும் தொழிலாளிக்குக் கையே மூலதனம். விரல் மூட்டில் பட்ட தீப்புண் தடித்த வடுவாகி இறுகினால், விரலை மடக்கவும் நீட்டவும் இயலாது, பிழைப்பும் கெடும். ஆகவே புண் ஆறினால் மட்டும் போதாது. வடு குறைவாக ஆற வேண்டும். இதற்கு அறிவியல் தந்துள்ள துணைகளுள் ஒன்றே ‘ஹைட்ரோஜெல்’ என்னும் நீர்க்கூழ்மம்.

“புண் காய்ந்தால்தான் ஆறும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்ட்டர் என்னும் ஆங்கிலேய அறிஞர், பன்றிகளின் தோலில் இருந்த சிறு காயங்களைப் பாலித்தீன் தாளால் மூடி ஆராய்ந்தார். காற்றில் உலர்ந்த காயங்களைவிட, ஈரம் காக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் புதுத்தோல் மூடியது. உலர்ந்த பொருக்கு புதிய தோல் செல்களுக்குத் தடையாகும். ஈரப்பரப்பில் அவை எளிதில் நகரும்.

நீரில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வழவழப்பான படலம் உண்டாகிறதல்லவா? ஹைட்ரோஜெல்லும் அத்தகையதே. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்து வைக்கின்றன. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர், பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் கதிர்வீச்சைச் செலுத்தி இத்தகைய கட்டினை உருவாக்கினர். கதிர்கள் சங்கிலிகளைப் பிணைக்கின்றன, கிருமிகளையும் அழிக்கின்றன. ஒரே செயலில் இரு பயன்!

இவ்வலையினுள் மருந்தையும் சேர்க்கலாம். அம்மருந்து ஒரேயடியாக வெளியேறாமல், வலைக்கண்கள் வழியே சிறிது சிறிதாகப் புண்ணைச் சேரும். கிருமித் தொற்று குறைந்தால் புண் விரைந்து ஆறும். மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத தீப்புண்ணில் தடித்த வடு உண்டாகும் வாய்ப்பு மிகுதி என்பர் மருத்துவர். வடுவைத் தடிக்கச் செய்யும் கொலாஜன் மிகுதியைத் தடுக்கும் மருந்துகளையும் இவ்வாறு செலுத்த ஆய்வுகள் நடைபெறுகின்றன. மேலும், இக்கட்டு புண்ணில் ஒட்டாததால் மாற்றும்போது வலியும் குறைவு.

எனினும் இது மாயமருந்தன்று. ஆழமான தீப்புண்ணுக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்படலாம். தீப்பட்டவுடன் இங்க், பற்பசை, இட்லி மாவு ஆகியவற்றைப் பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுவோம். பின்னர் தூய துணியால் மூடி மருத்துவரிடம் செல்வோம். நாம் அறிந்ததை வீட்டாருக்கும் எடுத்துரைப்போம். உழைக்கும் கைகளைக் காப்போம்!