இலேசர்க் கதிரும் எம் பிள்ளைகளின் கண்களும்

முன்னாளில் எங்கள் தீவகத்துத் திருவிழாக் கடைகளிலே பிள்ளைகள் விரும்பி வாங்கியவை ஊதுகுழலும் காற்றாடியுமே. இன்றோ, விரல் நீளமுள்ள ஒரு குழாயும் அவற்றின் அருகிலே தொங்குகின்றது. அதன் பொத்தானை அழுத்தினால் எட்டத்துச் சுவரிலே செந்நிறப் பொட்டொன்று தோன்றும். அதன் உள்ளுறுப்பு, சிறு பித்தளைக் கூட்டில் அடைக்கப்பட்டு, மாணவரின் விஞ்ஞானச் செயற்றிட்டங்களுக்காகவும் மலிவாகக் கிடைக்கின்றது. இதற்கு எவ்வாறு மின்னூட்டுவது, எவ்வாறு ஊறின்றிச் சோதிப்பது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். யான் பௌதிகம் கற்றவனல்லன். எனினும் பிள்ளைகளின் கண்களுக்குப் பொறுப்பாளன் என்ற முறையிலே இதனைக் கற்றறிந்து கூறுகின்றேன்.

உலகின் முதல் இலேசரை 1960 ஆம் ஆண்டு மே மாதத்திலே தியோடர் மைமன் என்னும் அமெரிக்க அறிஞர் மாணிக்கக் கல்லொன்றைக் கொண்டு இயக்கிக் காட்டினார். 1962 இல், குறைகடத்தித் துண்டொன்றிலிருந்தே இவ்வொளியைப் பெறும் வழி காணப்பட்டது. அதன் வழிவந்ததே இன்று நாம் பேசும் இலேசர் இருவாயி. அது கடுகிலும் சிறியது. அதன் ஒளியை முன்னுள்ள வில்லை ஒன்று நேர்க்கதிராகத் திரட்டுகின்றது.

இக்கதிரின் வலு மிகச் சிறிது. ஒன்று முதல் ஐந்து மில்லிவாற்று வரையிலேயே இருக்கும். சாதாரண ரோச் விளக்கின் ஒளியோடு ஒப்பிட்டால் இது அற்பமே. அவ்வாறாயின் அஞ்சுவதேன்? ரோச் விளக்கின் ஒளி எப்புறமும் பரவிச் செல்வது. கண்ணுள் புகுவது அதில் ஒரு சிறு பங்கே. இலேசர்க் கதிரோ பரவாது முழுமையாகக் கண்மணியுள் நுழைந்து, கண்ணின் வில்லையாலேயே விழித்திரையில் ஊசிமுனையளவு புள்ளியாகக் குவிக்கப்படுகின்றது. அப்புள்ளியிலே ஒரு மில்லிவாற்றுக் கதிரின் செறிவும் நண்பகற் சூரியனை நேரே நோக்கும்போது விழும் செறிவை விஞ்சிவிடும். விழித்திரைக்கு வலியை உணரும் தன்மை இல்லை. ஆகவே சுட்டாலும் பிள்ளை அலறாது. பார்வையின் நடுவே கரும்புள்ளி தோன்றிய பின்னரே தெரியவரும்.

இனி மின்னூட்டலுக்கு வருவோம். மின்குமிழின் இழை சூடேறும்போது அதன் தடை கூடுவதால், குமிழ் தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்கின்றது. இருவாயியோ இதற்கு மாறானது. சூடேறச் சூடேற மின்னோட்டம் மேலும் பெருகி, அதனையே அழித்துவிடும். ஆதலால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையி ஒன்று இன்றியமையாதது. சில கூடுகளில் அது உள்ளேயே உண்டு. வேறு சிலவற்றில் இராது. மூன்று உலர்மின்கலங்கள் 4.5 வோல்ற்றுத் தரும். இருவாயி 2.2 வோல்ற்றைக் கொள்ளும் எனின் எஞ்சுவது 2.3 வோல்ற்று. 25 மில்லியம்பியர் தேவையாயின், 2.3 ஐ 0.025 ஆல் வகுக்க 92 ஓம் வரும். 100 ஓம் தடையியைத் தொடராக இணைப்பின், மின்னோட்டம் 23 மில்லியம்பியராகச் சற்றுக் குறைந்து பாதுகாப்பாக நிற்கும்.

நெடுந்தீவும் நயினாதீவும் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தமையால், 12 வோல்ற்று மின்கலவடுக்கு எமது வீடுகளிலும் படகுகளிலும் பழகிய பொருளாயிற்று. கைக்கெட்டியது என்பதற்காக அதனை இக்கூட்டோடு நேரே இணைத்தல் ஆகாது. நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தலும் ஆகாது.

சோதிக்கும் முன்னர்க் கூட்டை மேசையிலே பிடிகருவியால் இறுக்குக. கையிற் பிடித்தவாறு சோதித்தல் கூடாது. கதிர், இருப்போரின் கண் மட்டத்திலோ நிற்போரின் கண் மட்டத்திலோ செல்லாதிருக்கட்டும். அது சென்று முடியுமிடத்தில் மினுக்கமற்ற கரிய அட்டை இருக்கட்டும். கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம் முதலியவற்றை அகற்றுக. மின்னோட்டத்தை மில்லியம்பியர்மானியாற் பார்க்க. ஒளிர்கின்றதா என்பதை அட்டையிலே காண்க. குழாயின் வாயிலே ஒருபோதும் காணற்க.

கூட்டின்மேல் எழுதிய அளவை அப்படியே நம்புதலும் தகாது. 2013 இல் அமெரிக்கத் தேசிய நியம நிறுவனம் 122 இலேசர்ச் சுட்டிகளைச் சோதித்தபோது, பச்சை நிறத்தனவற்றில் ஏறத்தாழ 90 வீதமும், சிவப்பு நிறத்தனவற்றில் 44 வீதமும் பாதுகாப்பு விதிகளுக்கு அமையவில்லை. பச்சைச் சுட்டிகள் பலவற்றிலே கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிரும் சேர்ந்து வெளிவருவதுண்டு. ஆதலால் அவற்றை வகுப்பறைக்குக் கொணராமை நன்று.

இத்துணை எச்சரிக்கையோடு கையாளின், இச்சிறு கருவி சிறந்த ஆசானாகும். கதிரின் குறுக்கே தலைமயிர் ஒன்றை நிறுத்துக. இரண்டு மீற்றருக்கு அப்பாலுள்ள திரையிலே ஒளியும் இருளும் மாறிமாறித் தோன்றும். ஒரு பக்கத்தில் அடுத்தடுத்துள்ள இருட்கோடுகளின் இடைத்தூரம் இரண்டு சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். ஒளியின் அலைநீளம் 650 நனோமீற்றராயின், மயிரின் தடிப்பு 0.065 மில்லிமீற்றர் என்பது கணக்கிட்டு வரும். பெரும் ஆய்வுகூடம் இல்லாத தீவுப் பாடசாலையிலும் ஒளி அலையே என்பதைப் பிள்ளைகள் இவ்வாறு கண்கூடாகக் காணலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். இரவிலே படகோட்டியின் முகத்திலோ, வாகனச் சாரதியின் முகத்திலோ இக்கதிரை வீசுதல் விளையாட்டன்று. கணப்பொழுது கண் கூசினும் பலர் உயிர் இடர்ப்படும். கதிர் கண்ணில் நேரே பட்டபின் பார்வையிற் புள்ளியோ மங்கலோ நீடிப்பின், கை மருந்து செய்யாது அன்றைக்கே கண் வைத்தியரை நாடுக. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலிலே ஒரு மணி நேரம். அதன்பின் யாழ்ப்பாணத்துக்குத் தரை வழி. அப்பயணம் நேராமற் காக்கும் வழி, கதிரை நோக்காது அது விழும் இடத்தை மட்டும் நோக்கும் பழக்கத்தை எம் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஊட்டுவதாம்.