புது நாடு... புதுப் பள்ளி... புது எழுத்து!

வகுப்புக்குள் நுழைகிறீர்கள். கரும்பலகையில் எழுதியிருப்பது புரியவில்லை. ஆசிரியர் பேசுவதும் புரியவில்லை. எப்படி இருக்கும்? ஜப்பானில் குடியேறும் பல வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளியின் முதல் நாள் இப்படித்தான்.

1908ல், 'கசாடோ மாரு' என்ற கப்பலில் ஜப்பானியர் பலர் பிழைப்பு தேடி பிரேசில் சென்றனர். அதன்பின் இன்னும் பலர் சென்றனர். 1990ல் ஜப்பான் தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியதும், அவர்களின் வாரிசுகள் தொழிற்சாலை வேலைக்காக ஜப்பான் திரும்பினர். உடன் வந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ போர்ச்சுகீசிய மொழி!

ஜப்பானிய மொழியில் ஹிரகானா 46, கடகானா 46 என்று அடிப்படை எழுத்துகள் உண்டு. இவை தவிர, தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 கான்ஜி எழுத்துகளையும் படிக்க வேண்டும். அம்மாடி!

விளையாடும்போது பேசும் மொழி சீக்கிரம் வந்துவிடும். 'இணைகோடு', 'ஆவியாதல்' போன்ற பாடச் சொற்கள் வரத்தான் பல ஆண்டுகள் ஆகும். 'நன்றாகப் பேசுகிறானே, படிப்பு மட்டும் ஏன் வரவில்லை?' என்று திட்டினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதனால், இவர்களைத் தனியே அழைத்து மொழி கற்பிப்பதையும் 2014 முதல் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டனர். கான்ஜியின் மேல் சின்ன எழுத்தில் உச்சரிப்பு எழுதித் தருவதும் உண்டு.

இன்னொரு சிக்கல்... ஜப்பானில் கட்டாயக் கல்வி அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் விரும்பினால் அரசுப் பள்ளியில் இலவசமாகச் சேரலாம், சேராவிட்டால் கட்டாயமில்லை. 2019ல் முதன்முறையாக நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, சுமார் 20 ஆயிரம் பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருக்கக்கூடும் என்று தெரிந்து பலரும் திடுக்கிட்டனர். ஹமமட்சு நகரமோ, 2011லேயே இத்தகைய பிள்ளைகளை வீடு தேடிச் சென்று பள்ளிக்கு அழைக்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் வகுப்புக்கும் வேறு மொழி பேசும் பிள்ளை வரலாம். அவனுக்கு முதல் சொல்லைச் சொல்லிக் கொடுப்பவர் நீங்களாக இருங்கள், செல்வங்களே!