நாயின் இரத்தம் கூறும் வயது

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் மணி என்றொரு நாய் உண்டு. வயது 12. முகம் நரைத்துவிட்டது, கண்ணில் புரை படர்ந்துள்ளது. "நாய்க்கு ஒரு வருசம்னா நமக்கு ஏழு வருசம். மணி எனக்கே மூத்தவன்" என்பார் என் ஆயா. ஆயாவுக்கு வயது 71. அவர் கணக்குப்படி மணிக்கு 84. இக்கணக்கு சரியா என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

சென்ற மாதம் மணி சோறு தின்ன மறுத்தபோது, குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திற்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் பல்லைப் பார்த்து வயதை மதிப்பிட்டார், இரத்தமும் எடுத்தார். அந்தச் சிறு குப்பி இரத்தத்திலும் வயது எழுதப்பட்டிருக்கிறது என்பதே வியப்பு.

நாயின் சிவப்பணுவில், நம்முடையதைப் போலவே, உட்கரு இல்லை. எனவே மரபுச் செய்தியை வெள்ளணுக்களில்தான் படிக்க வேண்டும். இவற்றை எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் வாழ்நாள் முழுதும் பிரிந்து பிரிந்து உண்டாக்குகின்றன. வயது ஏற ஏற அங்கே மூவகை மாற்றங்கள் நேர்கின்றன.

முதலாவது, எழுத்துப் பிழை. நாய்க்குக் குரோமோசோம்கள் 78, நமக்கு 46. ஒவ்வொரு பிரிவின்போதும் இவை முழுவதும் படியெடுக்கப்படுகின்றன. படியெடுப்பில் பிழை நேர்வது இயல்பு. ஒரு பிழை அவ்வணுவை விரைந்து பெருகச் செய்யுமானால், அதன் வழிவந்தவையே மஜ்ஜையில் மிகும். மனிதரில் 70 வயதை ஒட்டியவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நிலை உண்டென 2014இல் கண்டறிந்தனர். இது நோயன்று; ஆயினும் இரத்தப் புற்று, இதய நோய் ஆகியவற்றின் வாய்ப்பை மிகுவிக்கும்.

இரண்டாவது, முனைத் தேய்வு. குரோமோசோமின் நுனியில், செருப்புக் கயிற்றின் முனைப் பூண் போல், டெலோமியர் என்னும் காப்பு உள்ளது. இதன் செயலை விளக்கிய மூவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிவுதோறும் அது குறுகும். 2012இல் 15 இன நாய்களின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, மனிதரைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு விரைவில் நாய்க்கு அது தேய்வது தெரிந்தது. நீண்ட டெலோமியர் கொண்ட இனங்கள் நெடுநாள் வாழ்ந்தன.

மூன்றாவது, மெத்தில் குறிகள். இவை டி.என்.ஏ.யின் எழுத்தை மாற்றுவதில்லை. புத்தக ஓரத்தில் இட்ட பென்சில் குறி போல் அமர்ந்து, எதைப் படிப்பது, எதை விடுவது என்று காட்டுகின்றன. 2020இல் அமெரிக்க அறிஞர்கள் 104 நாய்களில், பெரும்பாலும் லாப்ரடார்களில், இக்குறிகளை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டனர். நாயின் வயதின் இயல் மடக்கையை 16ஆல் பெருக்கி 31ஐக் கூட்டினால் மனித வயது கிடைக்கும் என்றனர்.

அதன்படி ஒரு வயது நாய்க்கு 31, நான்கு வயதுக்கு 53, பன்னிரண்டுக்கு 71! இளமையில் ஓட்டமாய் ஓடும் முதுமை, பின்னர் நடையாய்த் தளர்கிறது. ஆகவே ஏழால் பெருக்கும் கணக்குப் பொருந்தாது. லாப்ரடாரின் சூத்திரம் நம் தெரு நாய்க்கு அப்படியே பொருந்தும் என்றும் கொள்வதற்கில்லை. இனத்திற்கு இனம் ஆயுள் வேறுபடும்.

நாய் நம் வீட்டுச் சோற்றை உண்டு, நம் தெருக் காற்றையே சுவாசித்து, நம் கண்ணெதிரே மூப்படைகிறது. நமக்கு எழுபது ஆண்டுகளில் நேர்வதைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டிவிடுகிறது. அதனால்தான் அறிவியலார் அதன் இரத்தத்தை நாடுகின்றனர்.

இதை ஆயாவிடம் சொன்னேன். "அப்போ எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசா? எனக்குப் பிசையற மாதிரியே அவனுக்கும் சோத்தைக் குழையப் பிசைஞ்சு வை" என்றார். அன்று முதல் அப்படியே வைக்கிறோம். மணி உண்கிறான்.