திசுவுக்குள்ளேயே பிறக்கும் நிறம்

மருத்துவமனை ஆய்வகங்களில் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஹிமட்டாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்ப்பார்கள். உட்கரு நீலமாகும், மற்றவை இளஞ்சிவப்பாகும். செல்லின் வடிவம் தெரிந்துவிடும். அதிலுள்ள புரதத்தில் எந்த அமினோ அமிலம் மிகுதி என்பது மட்டும் தெரியாது.

அதை அறியச் சாயம் பூசிப் பயனில்லை. அமினோ அமிலத்தையே ஒரு வேதிவினைக்கு இழுத்து, அது இருக்கும் இடத்திலேயே நிறத்தை உண்டாக்க வேண்டும்.

பிரெஞ்சு வேதியியலாளர் மில்லான் 1849இல் தந்த வழி இதில் பழையது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த அவருடைய திரவம் பட்டால் டைரோசின் உள்ள இடம் சிவக்கும். காரணம் எளிது: புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் ஃபீனால் வளையம் டைரோசினிடம் மட்டுமே உண்டு. அழகான வினைதான், ஆனால் பாதரசம் நஞ்சாயிற்றே!

ஜப்பானின் சகாகுச்சி 1925இல் ஆர்ஜினினைப் பிடித்தார். ஆல்ஃபா நாஃப்தாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் ஆரஞ்சுச் சிவப்பு. சால்மன் மீனின் விந்தணுத் தலையில் டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் புரதத்தில் பெரும்பகுதி ஆர்ஜினின்தான்; அதனால் அந்தத் தலை பளிச்சென்று தெரியும். நிறம் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் பார்ப்பவர் தாமதிக்க முடியாது. டிரிப்டோஃபேனுக்கு வேறொரு வினை, ஆழ்ந்த நீலம். கணையச் செல்களின் நொதித் துகள்கள் அதில் எடுப்பாகத் தெரியும்.

நின்ஹைட்ரினின் கதை சுவையானது. 1910இல் கேம்பிரிட்ஜில் ருஹேமான் கண்டறிந்த இந்தப் பொருள் அமினோ அமிலங்களுடன் சேர்ந்து ஊதாவாகும். வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. 1954 முதல் காகிதத்தில் பதிந்த கைரேகையைக் காட்ட இது உதவுகிறது. திசுவிலோ அந்த ஊதா ஓரிடத்தில் நிற்காமல் பரவிவிடும். எனவே ஊதாவைக் கைவிட்டு, வினையில் விளையும் ஆல்டிஹைடை ஷிஃப் திரவத்தால் பிடித்து, கருஞ்சிவப்பாகப் பார்க்கிறார்கள்.

திசுவில் இந்த முறைகள் எல்லாம் காட்டுவது புரதத்தில் கோத்திருக்கும் அமினோ அமிலங்களையே. தனித்து மிதப்பவை திசுவைப் பதப்படுத்தும்போதே நீரோடு கழுவப்பட்டுப் போய்விடும். மூளையில் செய்தி கடத்தும் குளூட்டமேட் அப்படிப்பட்டது. குளூட்டரால்டிஹைடால் அதை அருகிலுள்ள புரதத்தோடு பிணைத்து, அந்தப் பிணைப்பை அடையாளம் காணும் எதிர்ப்பொருளைச் செலுத்தி, நரம்புச் செல்லுக்குள் அதைக் கண்ணுக்குத் தெரியவைத்த ஆய்வு 1983இல்தான் வெளியானது.