எட்டு காருக்கு ஒரு மாட்டு வண்டி

ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம். கிண்டல் இல்லை, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட 64ஆம் எண் நெறிமுறையில் அச்சாகியிருக்கும் கணக்கு. கிராமப்புறச் சாலையில் கார் 1 என்றால் பைக் அரை, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை, மாட்டு வண்டி 8. சின்ன வண்டியானால் 6 போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பும் உண்டு. பல வகை வண்டிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் இந்த முறைக்கு பி.சி.யு. என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் முதுநிலை வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. சந்தவாசல் கடைத்தெருவில் அன்றைக்கு ஒரு காலை முழுக்க நின்றாலும் எட்டு கார் தேறாது. மாட்டு வண்டிக்குப் பஞ்சமே இல்லை.

சந்தவாசல் ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூர்–போளூர் சாலையில் இருக்கிறது. படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கேதான் பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். அந்தப் பெரிய சாலை பிறகு தேசிய நெடுஞ்சாலை 234 ஆனது. இப்போது 38, வேலூரில் கிளம்பித் தூத்துக்குடி வரை போகிறது. சாலையை ஆராய்கிற கூடங்களோ சென்னை சர்தார் பட்டேல் சாலையைச் சுற்றியே இருக்கின்றன: 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1959இல் வந்த ஐஐடி, நெடுஞ்சாலைத் துறையின் ஆராய்ச்சி நிலையம். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அந்தக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சொற்பம்.

போக்குவரத்துப் பொறியியல் என்றால் அன்றைக்கும் இன்றைக்கும் இரண்டு பாதி. ஒன்று சாலையின் உடம்பு: மண், ஜல்லி, தார். இன்னொன்று அதன் மேல் ஓடுகிறவை.

உடம்பைப் பார்க்கும் லேபில் அன்று வேலை செய்தவன் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் தார் போகாது. மார்ஷல் சோதனை என்று ஒன்று. அமெரிக்காவில் மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையில் பிறந்தது. ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலந்து அச்சில் போட்டு, நாலரைக் கிலோ சுத்தியலை ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழவிட்டு ஒரு பக்கத்துக்கு 75 அடி, திருப்பிப் போட்டு இன்னொரு 75. ஐந்து தார் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வில்லைகள் என்றால் மொத்தம் 2,250 அடி. அதைக் கையால் அடித்தோம். அடித்த மறுநாள் பேனா பிடிக்க வராது. இன்று மோட்டார் அடிக்கிறது. மாணவர் எண்ணிக்கையைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து போனைப் பார்க்கலாம். தாரை வகைப்படுத்துவதும் மாறிவிட்டது. அன்று 25 டிகிரியில் ஓர் ஊசி ஐந்து வினாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து 80/100, 60/70 என்று பெயர் வைத்தார்கள். 2006 முதல் இந்தியத் தர நிர்ணயம் பாகுத்தன்மைக்கு மாறி, வி.ஜி. 30 போன்ற பெயர்கள் வந்தன. நம் சித்திரை வெயிலில் சாலைப் பரப்பு 60 டிகிரியைத் தொடும்; அந்தச் சூட்டில் தார் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதுதானே நியாயம்? இந்தப் பாதியில் பழசை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றும் இல்லை. தோள்வலி போனது, முடிவும் திருத்தமானது.

மற்ற பாதிதான் சிக்கல்.

வண்டி எண்ணுவதற்கு 1972ஆம் ஆண்டின் ஒரு நெறிமுறை இருந்தது. ஆண்டுக்கு இரண்டு தடவை, அறுவடையும் சந்தையும் மும்முரமாக இருக்கும்போது ஒன்று, மந்தமான பருவத்தில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து ஏழு நாள், இருபத்துநாலு மணி நேரமும். நாலு வண்டிக்கு நாலு செங்குத்துக் கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. பேராசிரியர்களின் திட்டங்களுக்கு ஆள் தேவைப்படும்போது மாணவர்கள்தான் போவோம். பேட்டா உண்டு, பொட்டலச் சாப்பாடு உண்டு, புளியமரத்து நிழலில் மடக்கு நாற்காலி உண்டு. வேகம் பார்க்க எனோஸ்கோப் என்று ஒரு பெட்டி: எல் வடிவம், உள்ளே கண்ணாடி. சாலையில் தூரத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு முனையில் பெட்டியை வைத்து மறுமுனையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார வேண்டும். பெட்டி கைவசம் இல்லாவிட்டால் கைக்குட்டையோடு ஒருவனை அந்த முனையில் நிறுத்திவிடுவோம்.

இரவு முறை மோசம். ஒற்றை விளக்கு வந்தால் பைக்கா, ஒரு விளக்கு செத்த லாரியா என்று பக்கத்தில் வரும்வரை தெரியாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு மேல் தாளில் ஏறிய வண்டிகளில் எத்தனை உண்மையில் சாலையில் ஓடின என்பது எண்ணியவருக்கே வெளிச்சம். கையால் எண்ணிய காலம் சத்தியகாலம் என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

ஆனாலும் சாலையோரத்தில் உட்கார்ந்ததில் ஒரு லாபம் இருந்தது. சனம் வந்து கேட்கும். "இன்னாத்துக்கு எண்றீங்க? ரோட்ட அகலம் பண்ணப் போறாங்களா? எங்க திண்ண போயிடுமா?" அறுவடைக் காலத்தில் டிராக்டர் ஏன் விடிவதற்கு முன்னால் போகிறது, எந்தப் பஸ் மலையேறும் முன் கால் மணி நேரம் நிற்கும், எந்த வளைவில் ஓட்டுநர்கள் ஹாரனைவிட விளக்கை நம்புகிறார்கள் – இதெல்லாம் டீ கொண்டுவந்த பையனும் கண்டக்டரும் சொல்லித்தான் தெரியும். தாளில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. ஆய்வுக் கேள்விகள் பாதி அங்கேதான் முளைத்தன.

விபத்துக் கணக்கும் அப்படியே. காவல் நிலையத்துக்குப் போய், எழுத்தர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, முதல் தகவல் அறிக்கைகளைக் கையால் நகலெடுக்க வேண்டும். 'சந்தவாசலுக்கு வடக்கே, வேப்பமரம் அருகில்' என்று இடம் எழுதியிருக்கும். வேப்பமரம் எங்கே என்று நாம்தான் போய்த் தேட வேண்டும். இன்று ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய 'ஐராட்' செயலியில் காவலர் விபத்து இடத்திலிருந்தே பதிவு செய்கிறார். இடம் ஜிபிஎஸ் புள்ளியாக விழுகிறது. முதலில் இது புகுத்தப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எங்கள் ஊர்ச் சாலை ஆய்வகத்தின் திரையில் தவறாமல் தெரிவது இந்த வழியில்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடம். அங்கே போய்ச் சேர யாராவது அடிபட வேண்டியிருக்கிறது.

வகுப்பில் படித்த கோட்பாடுகளோ வேறு உலகத்தைச் சேர்ந்தவை. 1930களில் ஒஹாயோவில் கிரீன்ஷீல்ட்ஸ் சாலையோரத்தில் சினிமா கேமரா வைத்து, நெரிசல் கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று ஒரு நேர்கோடு போட்டார். சிக்னல் நேரம் கணக்கிட 1958இல் இங்கிலாந்தில் வெப்ஸ்டர் தந்த சூத்திரம். இரண்டுமே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தில் போகும் என்று நம்பியவை. சைதாப்பேட்டையில் தடம் ஏது? பஸ்ஸுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் ஓர் ஆட்டோ, ஆட்டோவின் மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு பைக். நாங்கள் அந்தச் சூத்திரங்களுக்கு நம் எண்களைப் போட்டு, பொருந்தாதபோது பி.சி.யு.வை ஏற்றி இறக்கிப் பொருத்தினோம். அன்றைய ஆய்வேடுகளில் கணிசமானவை இந்த ஏற்றி இறக்கல்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதை விட்டு வெளியே வர ஒரு தலைமுறை ஆயிற்று. ஐஐடி மெட்ராஸில் தமிழ் அரசனும் ரீபு சக்கரியா கோஷியும் 2005இல் வெளியிட்ட மாதிரியில், சாலையைத் தடங்களாக நறுக்காமல் முழு அகலத்தையும் ஒரே பரப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் நீளவாக்கில் ஓர் இடம், அகலவாக்கில் ஓர் இடம். கேட்டால் எளிதாகத்தான் தோன்றும். கணினிக்குச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. அடுத்த பெரிய நகர்வு 2014 பிப்ரவரியில், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில். அரை மணி நேர வீடியோ, சுமார் 250 மீட்டர் நீளம், மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகள். ஒவ்வொரு வண்டியும் அரை வினாடிக்கு ஒரு முறை எங்கே இருந்தது என்று பிரித்தெடுத்து 2015இல் வெளியிட்டார்கள் கனகராஜ், கௌரி ஆசைத்தம்பி முதலானோர். அமெரிக்கா கலிபோர்னியாவில் 2005இல் இப்படி ஒரு தொகுப்பைச் செய்திருந்தது; அதில் கார்கள் சமத்தாகத் தடத்தில் போகும். தடமில்லாத நெரிசலைப் படிக்க விரும்பிய வெளிநாட்டு ஆய்வாளர்களும் இப்போது சைதாப்பேட்டையைத் தேடி வந்தார்கள். நான் பெருமைப்படுகிற இடம் இதுதான்.

இன்றைய லேபில் நுழைந்தால் முதலில் உறைப்பது குளிர். இயந்திரங்களுக்காக ஏசி. மேசைக்கு இரண்டு திரை, மூலையில் டிரோன் பெட்டி, பலகையில் யார் எந்த இரவு ஜிபியு ஓட்டலாம் என்ற அட்டவணை. சர்வேக்குப் போய் வெயிலில் கறுத்தவர்கள் குறைவு. கண்ணாடி போட்டவர்கள் அதிகம். அன்று இரவு எண்ணிக்கைக்குப் பெண்களை அனுப்பவே மாட்டார்கள். அதனாலேயே அவர்களுக்குக் கிடைக்காமல் போன ஆய்வுத் தலைப்புகள் உண்டு. இப்போது ஆய்வு மாணவர்களில் பெண்களைத் தேட வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அப்படி ஆராய்ச்சியில் இருக்கிறாள். ஆடி வெள்ளிக்கு ஊருக்கு வந்தவள், படவேடு திரும்பும் முனையில் ஒரு மொட்டை மாடியில் கேமரா வைத்துப் படம் எடுத்தாள். அன்றைக்கு அந்த முனை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: சிறப்புப் பேருந்து, டாட்டா ஏஸ், ஷேர் ஆட்டோ, சனம் நிற்கும் டிராக்டர், நடுவில் வாழைத்தார் ஏற்றிய டெம்போ, மஞ்சள் புடவையில் நடந்துபோகிறவர்கள். மென்பொருளில் ஓட்டி என்னிடம் காட்டினாள்.

"மாமா, இதப் பாருங்க. பொங்கப் பானையோட இருபது பேர் நிக்கிற டிராக்டர். இதுக்கு 'டிரக்'னு பெட்டி போட்டுச்சா? அடுத்த ஃபிரேம்ல டிரக்கக் காணோம். இருபது ஆளு மட்டும் இருபது கிலோமீட்டர் வேகத்துல நடந்து போறாங்க."

காரணம் இருக்கிறது. இந்த மென்பொருள்களில் பல முதலில் கற்றுக்கொள்வது 'கோகோ' என்ற படத் தொகுப்பிலிருந்து. அதில் 80 வகைப் பொருள்கள். கார் உண்டு, லாரி உண்டு, மாடு உண்டு, யானைகூட உண்டு. ஆட்டோவும் டிராக்டரும் இல்லை. ஐதராபாத் ஐஐஐடி 2018இல் இந்தியச் சாலைப் படங்களைத் தொகுத்தபோது ஆட்டோவுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் படங்கள் ஐதராபாத், பெங்களூரு, அவற்றின் சுற்றுப்புறம். ஆகவே அவள் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பெட்டி வரைகிறாள். மென்பொருளின் எண்ணிக்கை சரியா என்று பார்க்க, ஒரு பகுதி வீடியோவை ஓடவிட்டுக் கையால் எண்ணியும் ஆக வேண்டும். கோடு போடும் முறையைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை; நாலு கோடு, குறுக்கே ஒன்று, அவளுக்கே தெரிந்திருந்தது.

"அப்ப நீங்க எண்ணின தாளெல்லாம் எங்க மாமா இருக்கு?" என்று கேட்டாள். எங்கேயும் இல்லை. ஆய்வேட்டில் கூட்டுத்தொகை அட்டவணை மட்டும் ஏறும். தாள்கள் பரணில் கிடந்து எடைக்குப் போகும். எந்த மணியில் எத்தனை மாட்டு வண்டி வந்தது, பஸ் வந்தபோது அது ஒதுங்கியதா என்பதெல்லாம் போனது போனதுதான். அவள் எடுப்பது டெராபைட் கணக்கில் சேமிப்பில் இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு வாய் திறக்க வழியில்லை.

ஆனால் ஒன்று கேட்டேன். "ஏம்மா, உன் தீசிஸுக்கே இந்த முனைய எடுத்துக்க வேண்டியதுதானே?" சிரித்தாள். ஓ.எம்.ஆரில்தான் அவள் ஆய்வு. கேமரா, அனுமதி, திட்டப்பணம் எல்லாம் மாநகரத்தில் இருக்கிறது. மெட்ரோ, ஸ்மார்ட் சிட்டி என்று கேட்கிற ஆளும் அங்கேதான் இருக்கிறார். பன்னாட்டு இதழுக்கு அனுப்பினால், வருஷத்தில் சில வெள்ளிக்கிழமை மட்டும் நெரிகிற ஓர் ஊருக்கு எதற்கு மாதிரி என்று ரிவ்யூவர் கேட்பார். 1972ஆம் ஆண்டின் அந்தத் தாள் நெறிமுறை, அறுவடை என்ற சொல்லையாவது உள்ளே வைத்திருந்தது. இன்று ஒரு வண்டி அரை அடி நகர்ந்தாலும் ஆய்வகத்துக்குத் தெரிகிறது, அது கேமரா உள்ள சாலையில் போனால். ஜவ்வாது மலைப் பக்கம் பால் கேனோடு இறங்கும் டெம்போ எத்தனை என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. வித்தையில் தேர்ந்தார்கள்; பார்க்கிற சாலைகளின் பட்டியல் சுருங்கிவிட்டது. இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காசு போகிற வழியில்தான் அவர்கள் போக முடியும்.

சந்தவாசல் வேலையை அவள் விடுமுறையில் சொந்தச் செலவில் செய்கிறாள். வருகிற ஆடிக்கு இரண்டு கேமரா வைக்க வேண்டுமாம், டிராக்டரை முன்னாலும் பக்கவாட்டிலும் பிடிப்பதற்கு. பேக்கரிக்காரர் மாடியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிரச்சினை வேறு: கண்ணில் படாமல் வைத்தால் கேமரா காணாமல் போகும், படும்படி வைத்தால் டிராக்டரில் நிற்கிற மொத்தச் சனமும் கை காட்டுகிறது, ஓட்டுகிறவரும் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார், வேகக் கணக்கு கெட்டுவிடுகிறது. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வைத்துப் பூட்டுப் போடலாமா என்று போன வாரம்கூட போனில் கேட்டாள்.