கைமாற்றாக வாங்கிய ஒரு நாள்

கலிபோர்னியாவில் தங்கை வீட்டில் ஒரு மாத விடுமுறையைச் சுகமாகக் கழித்துவிட்டு, அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் இரவு பத்தரை மணிக்கு நானும் என் மனைவியும் சென்னை திரும்புவதற்காக ஸான்பிரான்ஸிஸ்கோவில் விமானம் ஏறினோம். அங்கிருந்து பசிபிக் மகாசமுத்திரத்தைக் கடந்து, நடுவில் எங்கும் இறங்காமல் சிங்கப்பூர் வந்து சேர ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கும். தூரம் சுமார் 13,600 கிலோமீட்டர். சாப்பிட்டோம், தூங்கினோம், விழித்தோம், மறுபடியும் தூங்கினோம். ஜன்னல் மறைப்பை உயர்த்திப் பார்த்தபோதெல்லாம் வெளியே ஒரே காரிருள். சிங்கப்பூரில் இறங்கியதும், அறிவிப்புப் பலகையில் திங்கட்கிழமை என்று எழுதியிருந்ததைக் கண்டு என் மனைவி நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“ஏங்க, நாம ஏறினது சனிக்கிழமை ராத்திரி. ஒரு ராத்திரிதானே போச்சு? நடுவுல ஞாயித்துக்கிழமை எங்க?”

கேள்வி நியாயமானது. நம் பஞ்சாங்க முறைப்படி ஒரு கிழமை என்பது சூரியோதயத்தில் பிறந்து மறு சூரியோதயம் வரையில் நிற்பது. அந்தக் கணக்கில் பார்த்தால், சனிக்கிழமைச் சூரியனைக் கலிபோர்னியாவில் கண்ட எங்களுக்கு அடுத்த சூரியன் திங்கட்கிழமையன்று சிங்கப்பூரில்தான் உதயமாயிற்று; ஞாயிற்றுக்கிழமைக்கு உதயமே இல்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதனால் இரவு என்னும் நிழல் அதன்மீது மேற்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. பூமத்திய ரேகையில் மணிக்கு 1,670 கிலோமீட்டராக உள்ள இந்த ஓட்டம், துருவங்களை நெருங்க நெருங்கக் குறைந்து, 45 பாகை அட்சரேகையில் 1,180 கிலோமீட்டராகிவிடுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அதே மேற்குத் திசையில் பறக்கும் விமானம், நிழலோடு போட்டியிட்டுத் தோற்றாலும், வெகு நேரம் அதை விட்டு விலகாமல் உடன் செல்கிறது. ஆகையால் எங்கள் ஓர் இரவு 17 மணி நேரத்துக்கும் மேலாக நீண்டது, அது நீளும்போதே, சமுத்திரத்தின் நடுவே 180 பாகையை ஒட்டிச் செல்லும் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டினோம், கிழமையும் தாண்டிவிட்டது.

இந்தக் கோடு வகுக்கப்படுவதற்கு முன்பே இந்த விவகாரத்தைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. 1519-இல் மகெல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்ட ஐந்து கப்பல்களுள், உலகைச் சுற்றி ஊர் திரும்பியது விக்டோரியா என்னும் ஒன்றுதான். மகெல்லன் வழியிலேயே பிலிப்பைன்ஸ் தீவுகளில் கொல்லப்பட்டார். 1522 ஜூலையில் அந்தக் கப்பல் கேப் வர்டே தீவுகளை அடைந்தபோது, கப்பற்கணக்கில் புதன்கிழமையாக இருந்த நாள் கரையில் வியாழக்கிழமையாக இருந்தது. ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதி வந்த பிகாபெட்டா என்ற இத்தாலியருக்கு, தாம் எந்த நாளைத் தவறவிட்டோம் என்பதே புரியவில்லை. அவர் எதையும் தவறவிடவில்லை. சூரியன் போகும் திசையிலேயே போனவர்கள் ஆகையால், மூன்று வருஷத்தில் அவர்கள் கண்ட சூரியோதயங்கள், ஊரில் இருந்தவர்கள் கண்டதைவிட ஒன்று குறைவு.

ஒரு தேசமே கிழமையை இழந்ததும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளோடு வியாபாரம் செய்யும் ஸமோவா, வார விடுமுறை ஒத்துவரவில்லை என்பதற்காகக் கோட்டைத் தன் மறுபுறமாக மாற்றிக்கொண்டது. 2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை இரவு படுத்த ஜனங்கள் 31, சனிக்கிழமையன்று எழுந்தார்கள்.

“நம்ம ஞாயித்துக்கிழமை சஷ்டியா இருந்திருந்தா விரதம் என்ன ஆகும்?” என்பது என் மனைவியின் அடுத்த கேள்வி. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோணத்தைப் பொறுத்தது. அது பூலோகம் முழுமைக்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிவது. கிழமை ஊரைச் சேர்ந்தது, திதி ஆகாயத்தைச் சேர்ந்தது; விமானத்தில் போகிறவர்களுக்குக் கிழமை தொலையலாம், திதி தொலையாது என்றேன். விரதத்தை எந்த ஊர் வேளைப்படி முடிப்பது என்பதைச் சாஸ்திரம் அறிந்தவர்களிடம் விட்டுவிட்டேன்.

உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் எங்களிடமிருந்து திருடவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு நாங்கள் கைமாற்றாக வாங்கியதையே திருப்பிக் கொடுத்தோம். போகும்போது சிங்கப்பூரில் காலை ஒன்பது மணிக்கு ஏறி, சுமார் 15 மணி நேரம் பறந்து, ஸான்பிரான்ஸிஸ்கோவில் இறங்கினால், அங்கே அதே தேதி, அதே காலை ஒன்பது மணி! இந்த உபரி எங்கிருந்து வந்தது என்று அப்போது நாங்கள் இருவருமே கேட்கவில்லை. திரும்பும்போது அசலோடு இரண்டு மணி நேர வட்டியும் கட்டினோம்; வசூலித்தது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. போகும்போது முதுகில் தள்ளுவதும் வரும்போது முகத்தில் அறைவதும் அதுதான்.

வட்டி கட்டியும் திரும்பிய பிரயாணம் சிறிதாகவே தோன்றியது. இது எங்கள் பிரமை மட்டும் அல்ல. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், போன வழியைவிடத் திரும்பும் வழி சராசரியாக 22 சதவீதம் குறுகியதாக மக்களுக்குத் தோன்றுவதாகக் கண்டார்கள். போகும்போது சீக்கிரம் போய்விடலாம் என்று நம்பி ஏமாறுகிறோம், திரும்பும்போது நீண்டதாகத்தான் இருக்கும் என்று தயாராகிவிடுகிறோம் என்பது அவர்கள் கூறும் காரணம். பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றிய கவலையும் நேரத்தை விழுங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் சரீரம் இந்த மயக்கத்துக்கு உட்படுவதில்லை. விமானத்தின் உட்காற்று ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குரிய அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. அதாவது ஏறக்குறைய உதகமண்டலத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அதன் பனியும் ஈரமும் இல்லாமல். உதடு வெடிக்கிறது, அசையாமல் இருந்த கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது. காலுக்கு அவ்வப்போது எழுந்து நடப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய தொல்லை. கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பாகத்தில், ஹைபோதாலமஸ் என்னும் பகுதியில் இருக்கும் உடற்கடிகாரம், கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்வது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். எங்களுக்கோ நகர வேண்டியது பன்னிரண்டரை மணி. நடுநிசி இரண்டு மணிக்கு இருவருக்கும் பசித்தது. விடியற்காலை வெயிலில் நடப்பது நல்லது என்பதை அறிந்திருந்தும், அந்த வேளையில்தான் எங்களுக்குக் கண் சொக்கியது.

திங்கட்கிழமை காலை சென்னையில் இறங்கிய நான், செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணிக்கு, கலிபோர்னியாவில் நள்ளிரவு இரண்டரை அடிக்கும் வேளையில், கோப்பின் மீது தலை சாய்த்து நான் உறங்கியதை ஆபீஸ் முழுவதும் பார்த்தது. அந்த வழியாகத் திரும்ப உத்தேசித்திருப்பவர்கள், விடுமுறை விண்ணப்பம் எழுதும்போது, சமுத்திரத்தின் மேல் போய்விடும் ஒரு நாளையும், ஊர் வந்து தூங்கித் தெளிய ஒரு வாரத்தையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.