ஏட்டறிவும் நாட்டறிவும்

தமிழுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் முந்து நூல்களைக் கற்பதோடு அமைந்தாரல்லர். உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே ஆராய்ந்து அவர் நூல் செய்தார் என்று அதன் பாயிரம் கூறுகின்றது. அம்மரபில் வந்த நாமோ, உரையாசிரியர் மொழிந்ததை மனனஞ் செய்து ஒப்புவிப்பதையே புலமை எனக் கொள்கின்றோம். இது முறையாகுமா?

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலிய நூல்கள் பலவற்றைக் கற்றவர் அவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அந்நூல்களின் பெயர்களைக் கேட்டு வியந்தாரல்லர். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றே வினவினார்.

பின்னர்ச் சிந்தாமணி ஏடு கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆயினும் சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. சைவ ஆதீனத்துச் சூழலிற் பயின்ற ஐயர், கும்பகோணத்துச் சமணரை நாடிச் சென்று கேட்டறிந்தார். புலவர்க்கு அரிதாயிருந்த அந்நூல் அவர்கள் இல்லங்களில் நாள்தோறும் பயிலும் நூலாக இருந்தது. 1887இல் வெளிவந்த பதிப்புக்கு ஏட்டோடு இவ்வாழும் மக்களின் அறிவும் துணை நின்றது.

இத்தகைய சான்றுக்குக் காவிரிக் கரைக்கே செல்ல வேண்டுவதில்லை. நம் மலைநாட்டு மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆசிரியராயும் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயும் விளங்கியவர். ஆங்கிலத்திலும் நூலெழுத வல்லவர். அவர் தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலுருப் பெற்றன.

ஆனால் அனுபவம் ஒன்றே போதும் என்பாரும் தவறுவர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தமையையும், அதன் இடத்தைத் தேயிலை பிடித்தமையையும் வரலாற்று நூல்களே விளக்கும். கோப்பி மலை ஏறியவள் பட்ட துயரையோ பாட்டே சொல்லும். நூல் காரணத்தை அறிவிக்கின்றது. பாட்டு நெஞ்சை அறிவிக்கின்றது. ஒன்றால் மற்றொன்றைச் சோதித்துத் தெளிவதே சுயசிந்தனையாம். நூலை இகழ்வதும் அன்று. நூலுக்கு அடிமையாவதும் அன்று.

நாவலப்பிட்டியில் ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று பாடம் நடக்கின்றது. தினை, வேங்கை, தேனழித்தல் எனக் கருப்பொருள்களை மாணவர் ஒப்புவிக்கின்றனர். சாளரத்துக்கு அப்பால் நிற்பதும் மலையே. ஆங்குத் தினைப்புனம் இல்லை, தேயிலை உண்டு. “ஐயா, எங்கள் மலைக்குக் கருப்பொருள் யாவை?” என்று ஒரு மாணவி எழுந்து கேட்பாளாயின், ஆசிரியர் செய்யத்தக்கது யாது?

“பாடத்தில் இல்லாததைக் கேளாதே” என்று அவளை அமர்த்தினால், அன்றோடு ஓர் ஆராய்ச்சியாளரை இழந்தோம். உணவு, மரம், பறை, தொழில் என்று நிலத்தை வகுத்து நோக்கும் முறையை நூல் கற்பித்தது. அம்முறைகொண்டு தேயிலையையும், கொழுந்து கொய்தலையும், தப்பொலியையும் அவளே வரிசைப்படுத்துவாளாக. தொல்காப்பியம் அவளுக்கு அப்பொழுதே சொந்த நூலாகும்.

பரீட்சைத் தாள் இதற்குப் புள்ளி வழங்காதிருக்கலாம். ஆயினும் ஆசிரியப் பெருமக்கள் வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் இத்தகைய வினாக்களுக்கு ஒதுக்குதல் வேண்டும். பாட்டியர் நாவில் எஞ்சியிருக்கும் பாடல்களையும் சொற்களையும் எழுதிவரும்படி மாணவரைப் பணித்தல் வேண்டும். அம்மூதாட்டியர் மறைந்தபின் அவற்றை எந்த நூலகத்திலும் தேடிப் பெறுதல் அரிது.